கம்ப்யூட்டர் முடங்கினாலும் வார்டு ஓட வேண்டும்: சின்ன ஆஸ்பத்திரிகளுக்குச் சைபர் தாக்குதல் முன்னேற்பாடு

மதுரை அண்ணா நகர்ப் பக்கம் 30 படுக்கை உள்ள ஒரு நர்சிங் ஹோமில் நிர்வாகம் பார்க்கிறேன். லேப் டெக்னீஷியனாக வேலைக்குச் சேர்ந்தவள். பில்லிங் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படியே சர்வர், நெட்வொர்க், கேமரா எல்லாம் என் பொறுப்புக்கு வந்துவிட்டது. மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் என்று சுற்றுவட்டாரத்தில் என்னைப் போலவே சின்ன ஆஸ்பத்திரிகளில் சிஸ்டம் பார்ப்பவர்கள் நிறைய. ஐ.டி. டிபார்ட்மென்ட் என்று தனியாக எதுவும் இல்லாத இடங்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"சைபர் பயங்கரவாதமெல்லாம் டெல்லி, பம்பாய் சமாச்சாரம், நம்ம ஆஸ்பத்திரிக்கு எவன் வரப்போறான்?" என்று முதலாளி டாக்டர்கள் கேட்பார்கள். அவர்களிடம் வானாக்ரை கதையைச் சொல்லுங்கள். 2017 மே 12 அன்று கிளம்பிய அந்த ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் நிரல், சில நாளில் 150 நாடுகளுக்குப் பரவியது. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளை யாரும் குறிவைக்கவில்லை. ஆனாலும் அங்கே அரசு ஆஸ்பத்திரி டிரஸ்டுகளில் மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டது. சுமார் 19,000 அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகின. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாத மெஷின்கள்தான் மாட்டின. அந்த நிரல், வாசலில் உள்ள பெயர்ப் பலகையைப் பார்த்தோ படுக்கையை எண்ணியோ வரவில்லை. திறந்திருந்த கதவில் நுழைந்தது, அவ்வளவுதான்.

நம் நாட்டில் 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் முடங்கின. இரண்டு வாரம் போல ஓ.பி. பதிவு, அட்மிஷன், லேப் ரிப்போர்ட் எல்லாம் கையால் நடந்தன. டெல்லி போலீஸ் போட்ட வழக்கில் பணம் பறிக்க மிரட்டியதோடு சைபர் பயங்கரவாதப் பிரிவும் சேர்ந்தது. அதுதான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66எஃப். 2008 திருத்தத்தில் வந்தது, ஆயுள் தண்டனை வரை போகும். நாட்டின் பாதுகாப்பைக் குலைக்கவோ மக்களைப் பீதியில் ஆழ்த்தவோ திட்டமிட்டு, கம்ப்யூட்டர் வழியாக உயிர்ச்சேதமோ காயமோ உண்டாக்குவதும், சமூகத்தின் வாழ்வுக்கு அவசியமான பொருள்களையும் சேவைகளையும் முடக்குவதும் அதில் வரும். செய்தவன் பயங்கரவாதியா, பணத்துக்காக வந்த திருடனா என்பதைப் போலீசும் கோர்ட்டும் பார்த்துக்கொள்ளட்டும். ஆஸ்துமாவில் இழுத்துக்கொண்டிருக்கும் பாட்டிக்கு அந்த வித்தியாசம் கிடையாது. அவருக்கு நெபுலைசர் நேரத்துக்கு வந்ததா என்பதுதான் விஷயம்.

மனிதப் பாதுகாப்பு என்ற சொல்லை ஐ.நா.வின் வளர்ச்சித் திட்டம் 1994 அறிக்கையில் முன்வைத்தது. எல்லையில் எத்தனை பீரங்கி என்று பார்ப்பதோடு நிற்காமல், ஒரு வீட்டில் வருமானம், சாப்பாடு, உடல்நலம், சுற்றுச்சூழல், தனிமனிதரின் உயிர், சமூகம், அரசியல் உரிமை என ஏழும் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் பூட்டப்படும் நாளில் இதில் பல ஒரே நேரத்தில் ஆட்டம் காணும். எனவே எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஆன்டிவைரஸில் தொடங்காதீர்கள். கம்ப்யூட்டரே இல்லாமல் மூன்று நாள் ஆஸ்பத்திரி ஓடுமா என்பதில் தொடங்குங்கள்.

பேப்பர் பெட்டி

ஒரு தகரப் பெட்டி வாங்கி நர்சிங் ஸ்டேஷன் பக்கத்தில் வையுங்கள். ரெக்கார்டு ரூமில் வைத்துப் பூட்டினால் ராத்திரி இரண்டு மணிக்குச் சாவி தேட வேண்டிவரும். உள்ளே ஓ.பி. சீட்டு, ஐ.பி. (உள்நோயாளி) கேஸ் ஷீட், மருந்து சார்ட், லேப் கோரிக்கை, லேப் ரிப்போர்ட், ரத்தம் பொருந்துகிறதா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச் படிவம், கன்சென்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, பில் புக் எல்லாம் மூன்று நாளுக்குப் போதுமான அளவு இருக்க வேண்டும். கார்பன் தாளும் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரு பிரதி நம்மிடம் இல்லாவிட்டால் அந்த நோயாளி ஒரு வாரம் கழித்துத் திரும்பி வரும்போது நமக்கு எதுவுமே தெரியாது.

படிவங்களை அச்சடிக்கும்போதே தொடர் எண் போட்டுவிடுங்கள். அந்த எண் கம்ப்யூட்டர் கொடுக்கும் ஐ.பி. நம்பரோடு எந்தக் காலத்திலும் மோதாதபடி முன்னால் ஒரு எழுத்து வைக்க வேண்டும். நாங்கள் 'க' வைத்திருக்கிறோம்: க-001, க-002 என்று போகும். இதை விட்டால், சிஸ்டம் திரும்பி வந்து ஏற்றும்போது ஒரே எண்ணில் இரண்டு நோயாளிகள் வருவார்கள். ஒருவருடைய பென்சிலின் அலர்ஜி இன்னொருவர் பெயரில் போய் உட்காரும்.

பெட்டி வைத்தால் போதாது, ஓட்டிப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓ.பி. குறைவு. டாக்டர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, சர்வரின் நெட்வொர்க் கேபிளை நானே பிடுங்கிவிடுவேன். எங்கள் ஆஸ்பத்திரியில் முதல் ஒத்திகையில் மாட்டிய இடங்கள் எல்லாம் யாரும் எதிர்பார்க்காதவை. ஃபார்மசியில் மருந்து இருந்தது, எடுத்துக் கொடுக்கப் பையனும் இருந்தான். ஆனால் விலை எல்லாம் சாஃப்ட்வேரில். லேப்பில் அனலைசர் எண்ணைக் காட்டியது. ரிப்போர்ட்டில் பக்கத்தில் வரும் சாதாரண அளவு சாஃப்ட்வேரில்தான் இருந்தது. சீனியர்களுக்கு அது மனப்பாடம். புதிதாகச் சேர்ந்த பெண் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவை எழுதப் போனாள். வார்டில் சிஸ்டர் கைப்பட்டையில் பெயரைப் பேனாவால் எழுதிவிட்டு என்னிடம் காட்டினார்: "அக்கா, தண்ணி பட்டா அழிஞ்சிரும்போலயே, இங்கிட்டு பாருங்க." உண்மைதான். விரலால் தேய்த்ததும் 'முத்துலட்சுமி' வெறும் 'லட்சுமி' ஆகிவிட்டது. அதே வார்டில் இன்னொரு லட்சுமி இருந்தார். அன்றிலிருந்து பெட்டியில் அழியாத மார்க்கர் பேனா நான்கு கிடக்கிறது. மாதம் ஒருமுறை ஃபார்மசி விலைப் பட்டியலைப் பிரின்ட் எடுத்து உள்ளே வைக்கிறோம். லேப் படிவத்தில் வயதுவாரியாகச் சாதாரண அளவை அச்சடித்துவிட்டோம்.

ரத்தம் விஷயத்தில் தனியாக ஒரு விதி வேண்டும். 2024 ஜூன் 3 அன்று லண்டனில் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு லேப் வேலை செய்துவந்த சின்னோவிஸ் நிறுவனத்தை ரான்சம்வேர் தாக்கியது. நோயாளியின் ரத்த வகையை வழக்கமான வேகத்தில் பொருத்திப் பார்க்க முடியவில்லை. எல்லோருக்கும் ஓ வகை ரத்தத்தையே அதிகம் கொடுக்க வேண்டிவந்து, ஓ வகைக் கொடையாளர்கள் வரும்படி நாடு முழுக்க வேண்டுகோள் விடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு தாமதமானது ஒரு நோயாளியின் மரணத்துக்குக் காரணங்களில் ஒன்று என்று 2025 ஜூனில் அவற்றில் ஓர் ஆஸ்பத்திரியின் நிர்வாகமே உறுதிசெய்தது. நான் லேப்பிலிருந்து வந்தவள் என்பதால் இதைப் படித்தபோது உடம்பு நடுங்கியது. எங்கள் விதி இது: சிஸ்டம் இல்லாத நாளில் பழைய ரிப்போர்ட்டையோ, நோயாளி வாயால் சொல்லும் வகையையோ நம்பக் கூடாது. புதிதாகச் சாம்பிள் எடுத்து, படுக்கைக்குப் பக்கத்திலேயே டியூபில் பெயரும் 'க' எண்ணும் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ரத்த வங்கிக்கு அனுப்ப வேண்டும். நேரம் ஆகும்தான், ஆகட்டும். கைவிட்டுப்போகும் அவசரத்தில் டாக்டர் முடிவெடுத்து ஓ நெகட்டிவ் கேட்பார், அதையும் அவரே எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

பண விஷயத்தையும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். 2024 ஜூலை 31 அன்று சி-எட்ஜ் என்ற நிறுவனத்தின் மேல் விழுந்த ரான்சம்வேரால் கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள் என 300 போலச் சின்ன வங்கிகளின் யு.பி.ஐ. நின்றுபோனது. நம்மிடம் வரும் பால்காரர், பூக்கட்டும் அம்மா எல்லோருக்கும் கணக்கு அப்படிப்பட்ட வங்கிகளில்தான். ஆஸ்பத்திரி சிஸ்டம் நன்றாக இருந்தாலும் அவர் கையில் பணம் நகராது. பணம் வராததால் அட்மிஷன் நிற்காது, பாக்கி நோட்டில் எழுதிக்கொள்வோம் என்று டாக்டரிடம் எழுத்தில் வாங்கி அதைக் கேஷ் கவுண்டர் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். கேஷியர் பாவம், அவர் தனியாக அந்த முடிவை எடுக்கும்படி விடக் கூடாது.

கதவுகள்

எங்கிருந்து வருவார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் நாமே திறந்துவைத்த வழியில்தான். சாஃப்ட்வேர் கம்பெனித் தம்பிகள், தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க்கை எப்போதும் ஓடும்படி போட்டு, ஒரே பாஸ்வேர்டை வைத்துக்கொள்வார்கள். "மேடம், நைட்ல ப்ராப்ளம் வந்தா உடனே பாக்கலாம்ல" என்பார்கள். வேண்டாம். அவர் ஃபோன் செய்த பிறகு நம் ஆள் ஒருவர் எதிரில் உட்கார்ந்து திறந்துவிட வேண்டும், வேலை முடிந்ததும் மூட வேண்டும். அதே வேலையைச் செய்யும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பை இன்டர்நெட் பக்கம் திறந்துவைத்திருந்தால் இன்றைக்கே ரவுட்டரில் அடையுங்கள்.

ஆள் மாறினால் பாஸ்வேர்டு மாற வேண்டும், அன்றைக்கே. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மருச்சி என்ற ஊரில் 2000-இல் நடந்ததைப் பாருங்கள். கழிவுநீர் பம்புகளுக்குக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய கம்பெனியில் முன்பு வேலை பார்த்த ஒருவர், அந்த ஊர் கவுன்சிலில் வேலை கிடைக்காத ஆத்திரத்தில், லேப்டாப்பும் ரேடியோக் கருவியுமாகக் காரில் உட்கார்ந்து பம்புகளுக்குத் தப்பான உத்தரவு கொடுத்தார். சுமார் 8 லட்சம் லிட்டர் சாக்கடை பூங்காவிலும் ஓடையிலும் கலந்தது. ஊராட்சியில் தண்ணீர் மோட்டார் பார்ப்பவர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்றால், மொபைல் ஸ்டார்ட்டர் போட்ட மோட்டாருக்குக் கம்பெனி கொடுத்த பின் நம்பரையே வைத்திருக்காதீர்கள். கையால் போடும் சுவிட்சைக் கழற்றவும் விடாதீர்கள்.

லேப்பில் அனலைசரோடு வந்த கம்ப்யூட்டரைக் கவனியுங்கள். பல இடங்களில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறது. அதற்கு அப்டேட் வருவது 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டது. மாற்றினால் மெஷின் வேலை செய்யாது என்று கம்பெனி சொல்லும், பல நேரம் அது உண்மையும்கூட. சரி, மாற்ற முடியாவிட்டால் பிரியுங்கள். அந்த மெஷினுக்குத் தனி சுவிட்ச் போடுங்கள், இன்டர்நெட் கூடாது, பென் டிரைவ் கூடாது. பிரித்துவைப்பதன் பலனுக்குத் தெற்கே கூடங்குளமே சாட்சி. 2019 செப்டம்பரில் அங்கே நிர்வாக வேலைக்கான ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் (கெடுதல் செய்யும் நிரல்) இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அக்டோபர் 30 அன்று அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டபோது, அணு உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனி, அதற்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. ரிசப்ஷனில் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வைஃபையும் சர்வரும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் நம் நிலைமை என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மெயிலில் வரும் வேர்டு, எக்செல் ஃபைல் இன்னொரு வாசல். உக்ரைனில் 2015 டிசம்பர் 23 அன்று மின்சாரத்தை நிறுத்தியவர்கள் மாதக்கணக்கில் முன்பே அப்படித்தான் உள்ளே போயிருந்தார்கள். சுமார் 2,25,000 இணைப்புகளுக்குக் கரன்ட் போனது. புகார் செய்யும் தொலைபேசி எண்ணுக்குப் பொய் அழைப்புகளாகக் குவித்து, ஜனங்கள் கூப்பிட முடியாமலும் செய்துவிட்டார்கள். சில மணி நேரத்தில் கரன்ட் திரும்பியது என்றால், ஊழியர்கள் துணைமின் நிலையங்களுக்கே நேரில் போய்க் கையால் சுவிட்சைப் போட்டதால்தான். இதில் நமக்கு இரண்டு வேலை இருக்கிறது. பில்லிங் கம்ப்யூட்டரில் மெயில் திறக்க வேண்டாம், அதற்குத் தனி மெஷின் வைத்து ஆஃபீஸ் மேக்ரோவை (ஃபைலுக்குள் ஒளிந்து ஓடும் கட்டளைகளை) அணைத்துவிடுங்கள். அப்புறம், ஆஸ்பத்திரி ஃபோன் இன்டர்நெட் வழியாக ஓடினால், பட்டன் ஃபோன் ஒன்றை வேறு கம்பெனி சிம்மோடு சார்ஜ் போட்டு வையுங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் சப்ளையர், ரத்த வங்கி, ஜெனரேட்டர் மெக்கானிக், பக்கத்து ஆஸ்பத்திரிகள், டாக்டர்கள் எண்கள் எல்லாம் தாளில் எழுதி அதன் பக்கத்திலேயே தொங்கட்டும்.

பேக்கப்

மூன்று பிரதி, இரண்டு விதமான சேமிப்புச் சாதனம், ஒன்று கட்டடத்துக்கு வெளியே. இந்தக் கணக்கு பழையது, இன்றைக்கும் சரி. நடைமுறையில் நாங்கள் செய்வது: இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று வந்து பேக்கப் எடுத்ததும் கழற்றப்படும். மற்றது ஐயர் பங்களா பகுதியில் உள்ள டாக்டர் வீட்டுப் பீரோவில் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஆஸ்பத்திரிக்குள் இருக்கக் கூடாது. எப்போதும் செருகியே கிடக்கும் டிஸ்க்கை ரான்சம்வேர் சர்வரோடு சேர்த்தே பூட்டிவிடும். அதைப் பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றி, தெரிந்த ஒரு நோயாளியின் பழைய ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்கள். 'பேக்கப் முடிந்தது' என்று பச்சை எழுத்தில் வருவதை வைத்துத் திருப்தி அடைய வேண்டாம்.

இன்னொரு லேப்டாப்பும் பீரோவில் பூட்டி இருக்கட்டும். ஆஸ்பத்திரி நெட்வொர்க்கைத் தொடாதது. அந்த நாளில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு அனுமதி கேட்கவும், புகார் பதியவும் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் அதுதான் கை கொடுக்கும்.

அந்த நாள்

அடையாளம் எளிது. ஃபைல்களின் பெயருக்குப் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டியிருக்கும். திறந்தால் திறக்காது. திரையில் பணம் கேட்டுக் குறிப்பு இருக்கும். முதலில் பார்ப்பது பெரும்பாலும் நைட் டியூட்டி ஆள். அவருக்கு ஒரே ஒரு வேலைதான் சொல்லிக்கொடுக்க வேண்டும்: நெட்வொர்க் சுவிட்சில் நாம் முன்பே சிவப்பு டேப் ஒட்டிவைத்த கேபிள்களைப் பிடுங்கு, வைஃபையை அணை, எனக்கு ஃபோன் செய். யாரையும் கேட்காமல் செய்யலாம், தப்பாகப் போனாலும் திட்டு விழாது என்று டாக்டரே அவரிடம் நேரில் சொல்ல வேண்டும். அனுமதி கேட்டுக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் மீதி மெஷின்களும் போய்விடும்.

கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்ய வேண்டாம், கேபிளைப் பிடுங்கினால் போதும். நினைவகத்தில் விசாரணைக்கு உதவும் தடயம் இருக்கலாம். பிரிக்கவே வழியில்லை என்றால் மட்டும் அணைக்கலாம். திரையை ஃபோனில் படம் எடுத்து, நேரத்தைத் தாளில் எழுதுங்கள். பேக்கப் டிஸ்க்கை எந்தக் காரணம் கொண்டும் செருகாதீர்கள். பதற்றத்தில் எல்லோர் கையும் அங்கேதான் போகும். அடுத்து பெட்டியைத் திறங்கள். வார்டில் ஒவ்வொரு படுக்கையாகப் போய், அடுத்த மருந்து எத்தனை மணிக்கு என்று சிஸ்டரும் டியூட்டி டாக்டரும் சேர்ந்து எழுத வேண்டும். ஐ.சி.யு. முதலில், பிரசவ வார்டு அடுத்து. வென்டிலேட்டர், மானிட்டர் எதுவும் நெட்வொர்க்கில் மாட்டியிருந்தால் அது தனியாக ஓடுகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

இவையெல்லாம் நடக்கும்போதே ஒருவர் புகார் வேலையைப் பார்க்கட்டும். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும், அதுவும் உடனே. மற்றபடி சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதியலாம். மதுரை மாநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் சைபர் கிரைம் காவல் நிலையம் தனித்தனி, உங்கள் எல்லை எது என்று முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, தெரிந்த 6 மணி நேரத்துக்குள். அவர்களுடைய இலவச எண் 1800-11-4949. எந்தக் கம்ப்யூட்டருக்குள் யார் எப்போது வந்தார் என்ற லாக் 180 நாளுக்கு இருக்க வேண்டும் என்றும் அதே உத்தரவு சொல்கிறது.

பணம் கொடுத்தால் திறந்துவிடுவான் என்று யாராவது சொல்வார்கள். அயர்லாந்தின் பொதுச் சுகாதாரத் துறையை 2021 மே 14 அன்று தாக்கிய கும்பல், சில நாளில் சாவியை இலவசமாகவே கொடுத்துவிட்டது. அப்படியும் அநேகமாக எல்லாச் சர்வர்களும் திரும்ப நான்கு மாதம் ஆனது. ஊழியர் ஒருவர் மார்ச்சில் திறந்த ஒரு எக்செல் ஃபைலில் அது தொடங்கியிருந்தது. காசு கொடுப்பதற்கு முன் 'நோ மோர் ரான்சம்' தளத்தைப் பாருங்கள். 2016-இல் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கியது. சில வகை ரான்சம்வேருக்கு அங்கே திறப்பான் சும்மாவே கிடைக்கும்.

பயம் பரவாமல்

மெஷினைவிட வேகமாகப் பரவுவது பேச்சு. கேபிளைப் பிடுங்கிய அரை மணி நேரத்தில் வராண்டாவில் இருக்கும் அட்டெண்டர்கள் ஃபோனில் "ஆஸ்பத்திரில கரன்ட் போயி ஐ.சி.யு.ல உள்ளவங்க…" என்று ஏதாவது ஓட ஆரம்பித்துவிடும். அதற்கு முன்பே வாசலில் கையால் எழுதிய அறிவிப்பு நிற்க வேண்டும்: கம்ப்யூட்டர் பழுது, சிகிச்சை நடக்கிறது, சந்தேகத்துக்கு இன்னாரைக் கேளுங்கள். அந்த இன்னார் ஒரே ஆளாக இருக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வராண்டாவுக்கு வந்து வாயால் சொல்ல வேண்டும். நோயாளிகளின் விவரம் வெளியே போயிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். தெரிந்ததும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அவரவர் வங்கி, ஆதார் விஷயத்தில் அவரவர் ஜாக்கிரதையாக இருக்கட்டும்.

பீதியைக் கிளப்புவதே சிலருக்கு நோக்கமாக இருக்கும். கம்ப்யூட்டரை உடைக்கக்கூட வேண்டாம், ஒரு மெயில் போதும். 2024 பிப்ரவரியில் சென்னையில் 13 பள்ளிகளுக்கு ஒரே நாளில் வெடிகுண்டு மிரட்டல் மெயில் வந்தது, பெற்றோர் அலறியடித்து ஓடினார்கள், கடைசியில் பொய். பள்ளியோ ஆஸ்பத்திரியோ, இப்படி மெயில் வந்தால் அதை அழிக்கவும் கூடாது, யாருக்கும் ஃபார்வேர்டு செய்யவும் கூடாது. எங்கிருந்து வந்தது என்ற தடம் அதன் தலைப்பகுதியில்தான் இருக்கிறது. 112-ஐக் கூப்பிடுங்கள், போலீஸ் வரும்வரை தீ விபத்து ஒத்திகை போல வரிசையாக வெளியேற்றுங்கள்.

ஃபார்வேர்டு ஆளைக் கொல்லும், அதை நாம் பார்த்துவிட்டோம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் சாமி கும்பிடப் போன ஒரு மூதாட்டியைக் குழந்தை கடத்த வந்தவர் என்று அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய பொய்தான் அடிப்படை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. உயிருக்குப் பயந்து ஊருக்குக் கிளம்பியவர்கள் எத்தனை பேர்! நம் ஊரில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளை நினைத்துப் பாருங்கள். வைகையின் இரண்டு கரையிலும் லட்சக்கணக்கில் ஜனம். 2022-இல் அந்த நெரிசலில் 2 பேர் இறந்தார்கள். அந்தக் கூட்டத்தில் யாராவது ஒரு பொய்யைத் தட்டிவிட்டால்? எனவே எங்கள் ஊழியர் குழுவில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். விபத்து, கடத்தல், விஷம், கலவரம் என்று எது வந்தாலும் போலீஸோ கலெக்டர் அலுவலகமோ சொல்லும்வரை அனுப்பக் கூடாது. "நல்லதுக்குத்தானே அக்கா அனுப்புனேன்" என்று மனம் நொந்துகொண்டவர்கள் உண்டு. ஆனாலும் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தவில்லை. ஆஸ்பத்திரி ஆள் அனுப்பினால் ஜனங்கள் அதை அப்படியே நம்புவார்கள்.

திரும்ப ஏற்றும்போது

சர்வரைச் சுத்தமாக அழித்து, புதிதாக விண்டோஸ் போட்டு, எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றிய பிறகுதான் பேக்கப்பை ஏற்ற வேண்டும். எந்த வழியாக வந்தான் என்று தெரியாமல் ஏற்றினால் அடுத்த வாரமே திரும்பவும் பூட்டுவான். நோயாளி வார்டில் இருக்கும்வரை பேப்பர் கேஸ் ஷீட்டைத் தொடருங்கள். பாதி பேப்பர், பாதி கம்ப்யூட்டர் என்று ஓட்டினால் ஒரு ஊசி இரண்டு முறை விழும்.

பேப்பரில் இருப்பதைத் தட்டி ஏற்றுவதற்கும் வரிசை உண்டு. முதலில் அலர்ஜியும் ரத்த வகையும். அடுத்து நடப்பில் உள்ள மருந்துகள், அப்புறம் லேப் ரிப்போர்ட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி. பில் கடைசி. பாக்கி நோட்டு இருக்கிறது, அதைப் பார்த்து மெதுவாக அடித்துக்கொள்ளலாம். 'க' எண் போட்ட ஒரு தாளையும் தூக்கிப் போடக் கூடாது, கேஸ் ஷீட்டோடு தைத்து ரெக்கார்டு ரூமில் வையுங்கள். ஏற்றியவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர் என்று ஒவ்வொரு தாளிலும் இரண்டு கையெழுத்து வேண்டும். ரத்த வகை உள்ள தாளில் வார்டு சிஸ்டர் கையெழுத்தும் சேர வேண்டும்.